துறை அறிந்த ஒருவர்

லாபிஸில், செம்பனை லோரிகள் திரும்பும் முனைக் கடையில்
வரைபடத்தை விரித்து உட்கார்ந்திருக்கிறேன்.
நாலு கால் மேசை. கால்களுக்குள் ஒரே கயிறு ஓடுகிறது.
ஒரு கால் பள்ளத்தில் இறங்கினால்
பக்கத்துக் கால்கள் கொஞ்சம் கொஞ்சம் மேலேறும்.
அவ்வளவுதான்.
பால்மரப் பலகை, நைலான் கயிறு, எட்டுக் கப்பி.
விண்ணப்பித்தவர் செங்கமலம் அங்கப்பன்,
நாற்காலி ஆலை, உப்புத்தாள் பிரிவு, இரவு ஷிப்ட்.

எனக்குக் கேள்வி ஒன்றுதான்:
இது யாருக்கும் தோன்றக்கூடியதா?

யாருக்கும் என்றால் உங்களுக்கோ எனக்கோ இல்லை.
சட்டம் அதற்கென்று ஓர் ஆளைச் செய்து வைத்திருக்கிறது.
துறை அறிந்தவர்.
உலகத்து முக்காலி, மடிப்புக் கட்டில்,
காலாவதியான காப்புரிமை எல்லாம் அவருக்கு மனப்பாடம்.
கனவு மட்டும் வராது. வந்தால் வேலை போய்விடும்.

அவரை எதிரில் உட்காரவைத்தேன்.
பழைய தராசு ஒன்றின் படம் காட்டினேன்.
பாய்மரக் கயிறு ஒன்றின் படம்.
'ரெண்டையும் சேர்த்தால் இதுதானே' என்றார்.
இதுதானே, என்றேன் நானும்.
விடை தெரிந்தபின் எந்த விடுகதைதான் கஷ்டம்?

பென்சிலை எடுத்து 'வெளிப்படை' என்று எழுதப் போக
'டை' சறுக்கித் தாளின் ஓரத்துக்கு ஓடியது.
தே தாரிக் நுரை வழிந்து
வரைபடத்தின் மூன்றாம் காலை நனைத்தது.
மேசை ஆடுகிறது.

யோசிக்கவே இல்லை.
பெட்ரோல் ரசீதை நாலாக மடித்துக் குனிந்தேன்.

அங்கே முன்பே குடியிருந்தார்கள்:
பரிசு விழாத நாலு நம்பர் சீட்டு,
போன தேர்தலில் தோற்றவரின் பாதிச் சிரிப்பு,
சிகரெட் அட்டை, கிளினிக் மருந்து உறை,
எல்லாவற்றுக்கும் அடியில்
ஜப்பான் சிலிப்பரில் அறுத்த ஒரு துண்டு,
கல்லாகிப் போயிருந்தது.

எத்தனை தலைகள் குனிந்திருக்கும் இந்த ஒரு காலடியில்.
ஆலை முதலாளிகள் இங்கேதான் டீ குடிக்கிறார்கள்.
மரம் அளப்பவர்களும், வார்னிஷ் அடிப்பவர்களும்.
தராசைப் பார்க்காதவர் இவர்களில் யார்?
கயிற்றைப் பிடிக்காதவர் யார்?

நிமிர்ந்தபோது துறை அறிந்தவர்
என் முகத்தைப் பார்க்கவில்லை.
அவர் விரல்களும்
ஏதோ ஒரு தாளை மடித்துக்கொண்டிருந்தன.

'அவ்வளவு சுலபம் என்றால்' என்று
அவரிடம் ஆரம்பித்தேன்.
அதற்குள் கடைப் பையன் துணியோடு வந்துவிட்டான்.

"ஆடுதா அக்கா? அது எப்பவும் அப்படித்தான்.
சுவர்ப் பக்கமா மாறி உட்காருங்க."