பதினேழாவது கிளிக்

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
வேகத்தடை தாண்டிய பின்னும்
மூன்று முறை தலையாட்டுகிறது வண்டி.
முன்னால், வலது பக்கம்.

போன மாதம் பன்னிரண்டாம் கிளிக்.
பிறகு பதினான்கு.
நேற்றிரவு டார்ச் வெளிச்சத்தில் பதினேழு.
குமிழ் விசுவாசமாகத்தான் சொடுக்கியது,
உள்ளே பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை என்று
அது சொல்லாது.

அப்ரார் டயரைக் கழற்றினான்.
ஷாக்கின் தண்டில் விரலோட்டி, மோந்து பார்த்து
என் பக்கம் நீட்டினான்:
எண்ணெயில் குழைந்த நெடுஞ்சாலைத் தூசி,
பள்ளிகொண்டா டோல்கேட் வரைக்கும் நான் விரட்டிய
அத்தனை விடியலும் கறுப்பாக.

"திருகினா ஆயில் திரும்பி வந்துருமா சார்?"

சீல் ஜெர்மனியிலிருந்து வரணும், ஆறு வாரம்.
கேஸ் ஏத்த சென்னை.
ஒன்றை மட்டும் மாற்றினால்
இன்னொன்று கோபித்துக்கொள்ளும்.
தொகையைத் துண்டுச்சீட்டில் எழுதி மடித்துக் கொடுத்தான்,
வாயால் சொல்லவில்லை.

போனில் ஷர்மிளா கேட்டாள்.
"சின்ன ரிப்பேர்தான்" என்றேன்.
பதினெட்டு.

சொட்டிய இடத்தில்
ஒரு சட்டி பாலாற்று மணலைக் கொட்டினான்.
வெயில் நூற்றி ஏழு.
மணல் கொஞ்ச நேரம்
ஈரமாய்த் தெரிந்தது.