போனது, வந்தது

காரைக்குடி செக்காலையில் பாத்திர வாடகைக் கடை.
கணக்கு என் பொறுப்பு.
புதுவயலுக்குப் போனது
அண்டா ஆறு, கரண்டி இருநூற்றுப் பன்னிரண்டு.
வந்தது அண்டா ஆறு, கரண்டி இருநூற்றுப் பதினொன்று.
அந்த ஒன்றுக்காகக் கல்யாண வீட்டை
விடியுமுன் போன் போட்டு எழுப்பியவள் நான்.

ஆடி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது.
கவிழ்த்த குண்டான்களுக்கு நடுவே
ஸ்டூல் போட்டு நாவல் படிப்பேன்.
இந்த வருஷம் நானூற்றுப் பதினாறு பக்கம்,
நம்ம பக்கத்துக் கதை, கெட்டி அட்டை,
ஐந்நூற்று ஐம்பது ரூபாய்.

முப்பத்தேழாம் பக்கத்தில்
வள்ளிக்கண்ணு ஊருணியில் மூக்குத்தியைத் தொலைக்கிறாள்.
ஆள் இறக்கித் தேடியும் கிடைக்கவில்லை.
சேறு அரித்த சல்லடைக்கே நாலு வரி.
நூற்று நாற்பதில்
அதே மூக்குத்தி விளக்கு வெளிச்சத்தில் மின்னுகிறது.
சரி, வேறு வாங்கியிருப்பாள் என்று விட்டேன்.
வாங்குகிற நிலையிலா இருந்தாள்?
நூற்றுப் பத்தில்தானே வைரத்தோடு அடகுக்குப் போனது!

கிழக்கு பார்த்த வாசலில்
சாயங்கால வெயில் விழுகிறது.
அதற்கும் நானே சமாதானம் சொன்னேன்:
இந்த ஊர் வீடு ஒரு தெருவில் தொடங்கி
மறு தெருவில் முடிகிற வீடு,
பின்வாசலாய் இருக்கும்,
வளவைத் தாண்டி நடந்ததை எழுத மறந்திருப்பார்.
இப்படி ஓட்டை ஓட்டையாய்
ஈயப்பற்று வைத்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் சோலையப்பன்.

அறுபத்தொன்றில் செத்துப்போனார்.
வைகாசி வெயிலில், இரண்டாம் கட்டில்,
கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய
துணியின் நிறம்கூட எனக்குத் தெரியும்.
அழுதேன்.
முதலாளி எட்டிப் பார்த்து
"என்ன, எந்த அண்டா குறையுது?" என்றார்.

நூற்று எண்பத்தெட்டில்
அதே ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு
"காப்பியில் சர்க்கரை கம்மி" என்கிறார்.

எழுதியவரை நான் சந்தேகப்படவில்லை. என்னைத்தான்.
அறுபத்தொன்றுக்குத் திரும்பிப் போனேன்.
செத்துத்தான் கிடந்தார்.
பேரனாக இருக்கலாம்,
தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர்,
எங்கள் பேரேட்டிலேயே நாலு சோலையப்பன்.
ஆனால் அந்தப் பையனுக்கு இன்னும் பால்பல் விழவில்லை.
பிள்ளை கூட்டி வந்தவராக இருக்கலாம்,
வந்த வீட்டில் புதுப்பெயர் வைத்திருப்பார்கள்,
அடுத்த அத்தியாயத்தில் சொல்வார் என்று காத்திருந்தேன்.
அதற்கடுத்ததில்.
அதற்கும் அடுத்ததில்.
நானூற்றுப் பதினாறில் 'முற்றும்' என்று போட்டிருந்தது.

எழுதியவர் ஒருவர், மெய்ப்புப் பார்த்தவர் ஒருவர்,
அச்சுக்கு விட்டவர்,
முன்னுரையில் நன்றி வாங்கிக்கொண்ட பதினோரு பேர்.
இத்தனை கை மாறி வந்த சாமானை
ஒருத்தர்கூடவா எண்ணிப் பார்க்கவில்லை?

இன்லண்ட் வாங்கி எழுதினேன்:
"பக்கம் 61இல் போனது, சோலையப்பன் ஒன்று.
பக்கம் 188இல் வந்தது, மேற்படி ஒன்று.
விவரம் தெரிவிக்கவும்.
ப. உமையாள், காரைக்குடி."

ஐப்பசியில் பதில் வந்தது. முத்து முத்தான கையெழுத்து.
'அன்புள்ள உமையாள்' என்று ஆரம்பித்து,
கதை வேறு கணக்கு வேறு என்று ஒரு பத்தி விளக்கி,
முடிக்கிற வரியில்
என்னை மீனாள் ஆக்கியிருந்தார்.

முதலாளியிடம் காட்டினேன்.
"இவருக்கு மட்டும் அண்டா குடுத்திராத" என்றார்.

என் பென்சில் அந்தப் புத்தகம் முழுக்க ஓடியிருக்கிறது.
மூக்குத்திக்குக் கேள்விக்குறி, வெயிலுக்கு அம்புக்குறி.
நூற்று எண்பத்தெட்டின் ஓரம் மட்டும் வெள்ளை.
எழுதத்தான் போனேன்.
அந்த மனுஷன் காப்பியைக் குறை சொன்னபோது,
அறுபத்தொன்று நினைவுக்கு வருமுன்,
அரை நொடி,
வந்துவிட்டாரே என்றிருந்தது எனக்கு.

அதைப் பற்றில் எழுதுவதா, வரவிலா
என்று பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கையில்
கண்டனூர் லாரி வந்து நின்றது.
இறக்கி எண்ண வேண்டும்.