டாலர்

இரவு பதினொன்று இருபதுக்கு
முப்பத்தோரு கோப்புகள் இறங்கின.
முப்பத்தொன்றும் ஒரே எடை.
இரண்டு தக்காளிகூட அப்படி அமையாது.

சர்வர் இருநூறு என்றது.
இருநூறு என்றால் எல்லாம் சரி.
திறந்தால்
பெர்மிட் இல்லை, வண்டி எண் இல்லை.
பயனர் பெயர், பாஸ்வேர்டு,
கீழே ஒரு நீலப் பொத்தான்.
முப்பத்தோரு தடவை
வாசல்கதவைப் படம் பிடித்துக்கொண்டு
வீட்டுக்குள் போய்வந்ததாக
நம்பியிருக்கிறது என் ஸ்கிரிப்ட்.

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
லாரி ஆபீஸ் மாடி.
ஜன்னலோரம் நின்றால்
போன் கேரளாவுக்கு வரவேற்கும்.
மேஜைக்குத் திரும்பினால் தமிழ்நாடு.
கீழே ஆறுக்குட்டி அண்ணன்
ஸ்டியரிங்மேல் கால் போட்டபடி
அரைமணிக்கு ஒருதரம்
"கடுதாசி வந்துதா புள்ள?"

பிரவுசரில் திறக்கிறது.
கட்டளைக்கு மட்டும் திறக்கவில்லை.

குக்கியாக இருக்கும் என்று நினைத்தேன்.
பொருட்காட்சி வாசலில்
மணிக்கட்டில் குத்துவார்களே, அந்த சீல்.
என் கட்டளை அதை வாங்கிக்கொள்கிறது,
அடுத்த வாசலுக்குள் கையைக் கழுவிவிடுகிறது.
கழுவாதே என்று ஒரு சொல் சேர்த்தேன்.
மறுபடியும் நீலப் பொத்தான்.

ஐந்தாம் முறை கணக்கு பூட்டிக்கொண்டது.
பதினைந்து நிமிடம் கழித்து வரவும்.
பிளாஸ்கில் ஆறிய டீ
அடியில் ஏலக்காய்த் தோலோடு.

பூட்டு அவிழ்ந்ததும்
சர்வரை விட்டுவிட்டு
டெர்மினலையே கேட்டேன்:
நான் சொன்னதில்
உன் காதில் விழுந்தது எது, சொல்.

வேலன் ஐந்து என்றது.

நான் கொடுத்தது
வேலன் டாலர் ஐம்பத்தைந்து.

போன வாரம் பாஸ்வேர்டு மாற்றும்போது
சிறப்புக் குறி ஒன்று வேண்டும் என்றது திரை.
முதலாளி நாட்ராயன்
கழுத்துச் சங்கிலியில் முருகனைத் தடவிக்கொண்டே
"டாலர் போட்ரு புள்ள.
டாலர் இல்லாம என்ன செயினு" என்றார்.
போட்டேன்.

டெர்மினலுக்கு டாலர் ஒரு கூப்பாடு.
பின்னால் வருவது யாரோ ஒருவரின் பெயர்.
ஐந்து, ஐந்து என்று கூப்பிட்டுப் பார்த்து
யாரும் வராமல்
கூப்பிட்ட குரலையும் விழுங்கிவிட்டு
மிச்சமிருந்த ஒற்றை ஐந்தோடு
போய் நின்றிருக்கிறது வாசலில்,
ஒவ்வொரு முறையும், கூச்சமே இல்லாமல்.

இரட்டை மேற்கோளுக்குள்தான் வைத்திருந்தேன்.
இரட்டை போதாது.
ஒற்றைக்குள் வைத்தால்
உள்ளே இருப்பதை அது தொடாது.
இத்துனூண்டு கோடு,
தலையில் ஒன்று, வாலில் ஒன்று.

ஒன்று ஐம்பதுக்கு
முப்பத்தொன்றும் முப்பத்தொரு எடையில் இறங்கின.
பிரிண்டர் இருமி இருமித் துப்பியது.
படியிறங்கி ஓடிப்போய்
முதல் தாளை ஆறுக்குட்டி அண்ணனிடம் நீட்டினேன்.
சூடு ஆறாத தாள்.
டாலர், மேற்கோள், ஒற்றை, இரட்டை என்று
மூச்சுவிடாமல் சொன்னேன்.

முழுக்கக் கேட்டார்.
தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.
"அந்தக் கொழிஞ்சாம்பாறை ஷைனி புள்ள
போனவாட்டி அதும் போன்லயே
திறந்து எடுத்துக் குடுத்துதே.
உம்பட போன்ல திறக்காதா?"

திறக்கும்.

வண்டியைக் கிளப்பினார்.