சைன் பார்

கணபதியில், சத்தி ரோட்டை விட்டு உள்ளே
மூன்றாவது சந்தில் எங்கள் டூல் ரூம்.
ஏசி எப்போதும் இருபது டிகிரியில் ஓடும்,
எங்களுக்காக அல்ல,
கிரானைட் கல்லுக்காக.

கல்லின் மேல் சைன் பார்:
இரண்டு உருளை, இடையே இருநூறு மில்லிமீட்டர்.
ஒரு காலுக்கு அடியில் எஃகு வில்லைகளை அடுக்கினால்
சாயும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
எத்தனை அடுக்குவது என்பது என் பாடு.

முப்பது டிகிரிக்கு நூறு.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
பெருந்துறையில் நான் படித்த பத்தாம் வகுப்பில்
உலகத்துக்கே ஐந்து கோணங்கள்தான்:
பூஜ்யம், முப்பது, நாற்பத்தைந்து, அறுபது, தொண்ணூறு.
கடலையே பார்க்காத நாற்பது பேர்
கலங்கரை விளக்கின் உச்சியில் ஏறி நின்று
படகுகளை இறக்கக் கோணத்தில் பார்த்தோம்.
எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தோம்.
டேன் தொண்ணூறு வரையறுக்கப்படவில்லை என்று
வரையறுத்து எழுதினோம்.
ஒரு மார்க்.

புதன்கிழமை வந்த டிராயிங்கில்
பதினைந்து டிகிரி.
லேத்துக்காரர் வாசலில் வண்டியை அணைக்காமல் நின்றார்.
முப்பதில் பாதி பதினைந்து,
நூறில் பாதி ஐம்பது.
அடுக்கிக் கொடுத்துவிட்டேன்.

என்னைக் கெடுத்தவை சின்னக் கோணங்கள்.
ஒரு டிகிரிக்கு மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு,
இரண்டுக்கு அதன் இரட்டிப்பு,
மூன்றுக்குப் பெருக்கினாலும்
நாலு மைக்ரான்தான் பிசகும்.
மூன்று வருஷம் அப்படியே ஓடியது.
தரைக்குப் பக்கத்தில்
வட்டம் தன்னை நேர்கோடு என்றே சொல்லிக்கொள்கிறது.

பதினோரு பீஸும் அரசூரிலிருந்து திரும்பி வந்தன.
நீலம் பூசிப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்,
ஒரு முனையில் மட்டும் ஒட்டியிருந்தது.
அளந்தேன்:
பதினாலு டிகிரி, இருபத்தெட்டு நிமிடம், சொச்சம்.

ஷிஃப்ட் முடிந்த பிறகு
சிமென்ட் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டேன்.
சைன் பாரின் நீளமே ஆரம்.
பதினைந்து பதினைந்தாக ஏற்றி
உயரத்தை மட்டும் எழுதிக்கொண்டே போனேன்.
ஐம்பத்தொன்று புள்ளி ஏழு ஆறு நாலு.
நூறு.
நூற்று நாற்பத்தொன்று.
நூற்று எழுபத்து மூன்று.
நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
கடைசிப் பதினைந்து டிகிரிக்கு
ஏழு மில்லிமீட்டர்கூட ஏறவில்லை.

நாற்பத்தைந்துக்கு மேல் சைன் பாரை நம்பாதே என்பார்கள்.
ஏன் என்று யாரும் சொன்னதில்லை.
உச்சிக்குப் பக்கத்தில் உயரம் சோம்பேறி,
மயிரளவு தவறினாலும்
கோணம் எங்கோ போய்விடுகிறது.

தொண்ணூறையும் தாண்டினேன்.
முக்கோணம் கவிழ்ந்தது, எதிர்ப்பக்கம் காணவில்லை.
உயரம் மட்டும் இருந்தது,
இறங்கி வந்து
நூற்று ஐம்பதில் மறுபடி நூறு.
அப்போ சைன் என்பது முக்கோணமே இல்லை.
ஒரு கம்பி சுற்றும்போது
அதன் நுனி எவ்வளவு மேலே இருக்கிறது,
அதைக் கம்பியின் நீளத்தால் வகுத்தால்
தீர்ந்தது.
இதற்கு எனக்குப் பதினோரு பீஸ் செலவு.

டீ கொண்டுவந்த சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.
"ஏனுங்க, பாண்டி ஆடறீங்களா?"
கிரைண்டிங்கில் நிற்பவர் அவர்.
காலையில் வந்த ரிஜெக்‌ஷன் ஷீட்டில்
காரணம் என்ற கட்டத்தில்
'ஆபரேட்டர் பிழை' என்று ஏற்கெனவே டைப் அடித்திருந்தது.
"கீழ ஒரு சைன் போட்டுருங்க மேடம்,"
என்றான் அலுவலகப் பையன்.

அடித்துவிட்டு எழுதினேன்:
கோணத்தைப் பாதியாக்கியவள்
உயரத்தையும் பாதியாக்கிவிட்டாள்.
மெட்டீரியல் கணக்கை என் சம்பளத்தில் பிடிக்கவும்.
போட்டேன், சைன்.

சென்னியப்பன் அதைப் படிக்கவில்லை.
தரையில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார்,
வட்டத்தின் மேல்பாதி மட்டும் அழிந்திருந்தது.

பெட்ரோலில் துடைத்து
நாலு வில்லைகளை ஒட்டினேன்:
நாற்பது, ஒன்பதரை,
ஒன்று புள்ளி இரண்டு ஆறு,
ஒன்று புள்ளி பூஜ்யம் பூஜ்யம் நாலு.
பிடித்துக்கொண்டன.
டயல் முள்ளைக் கல்லோடு நகர்த்தினேன்,
முனையிலிருந்து முனைக்கு.
"ஏத்தலாமுங்களா?" என்றார்.
"இன்னொரு தடவ பாத்துக்கறனுங்க."