கிரீஸ் வேண்டாம் என்றேன்

கோணம் தொழிற்பேட்டைக்கு
முட்டத்திலிருந்து சாக்கில் சுற்றி வந்தது
விஞ்ச் தண்டு.
பிரித்தால் கவிச்சி. ஒரு நெத்திலித் தலைகூட இருந்தது.

ஆறு மாதம் முன்பு இதே தண்டுக்கு
நான்தான் பூச்சு ஏற்றினேன்.
நிக்கல் குளியலில் கிராஃபைட் மிதக்கவிட்டு
ராமுழுக்க விழித்திருந்து
நாற்பது மைக்ரான்.
தலைமுடியில் பாதி.
எண்ணெய் கேட்காது,
தன்னையே கொஞ்சம் கொஞ்சமாய் உதிர்த்து
உரசும் இரண்டுக்கும் நடுவில்
வழுக்கலாய்ப் பரவிக்கொள்ளும் என்று
பெர்க்மான்சிடம் சொல்லித்தான் அனுப்பினேன்.

இப்போது நிற்கிறார்
ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
"தேயாதுண்ணு சொன்னியே மக்களே."

தேயாது என்று சொல்லவில்லை.
தேய்வதுதான் அதன் வேலை.
எவ்வளவு மெல்ல என்பதுதான் கணக்கு.

அளந்தேன்.
ஒரு முனையில் முப்பத்தொன்று.
மறுமுனையில் பதினொன்று.
நடுவே கோடு கோடாய்
வெறும் இரும்பு.

கருவிக்கு முன்பே விரல்நகம் கண்டுபிடித்துவிட்டது.
லென்ஸ் வைத்தால்
பள்ளத்துக்குள் சிவப்பாய் ஒரு மினுக்கம்.
கார்னெட்.
மணவாளக்குறிச்சிக் கரையில் கால் சுடும்
கறுப்பு மணலின் கூட்டாளி.
தாளில் ஒட்டி மரம் தேய்க்க விற்பார்களே, அதேதான்.
வலையோடு ஏறும், கயிற்றோடு ஏறும்,
எனக்கும் தெரியும்.
காய்ந்த தண்டில் விழுந்தால் உருண்டு போய்விடும்.
இது போகவில்லை.
எதிலோ ஒட்டி, தங்கி,
குடித்தனம் நடத்தியிருக்கிறது.

"கிரீஸ் போட்டீங்களா?"

ஜன்னல் வழியே பஸ்ஸைப் பார்த்தார்.
"போடல்ல."
பிறகு, "ஞாயிறு மட்டும்."
பிறகு, "பூசைக்குப் போறதுக்கு முன்ன
ஒரு விரலு. ஒரே ஒரு விரலு.
முப்பது வருசமா போட்ட கையி மக்களே,
சும்மா இரிண்ணா இரிக்குமா?"

கிராஃபைட்டுக்கு ஈரக்காற்று வேண்டும் என்றேன்.
ஈரமே இல்லாத இடத்தில் அது வெறும் கரி,
நறநறவென்று அரைபடும்.
துணி காயாத, உப்பு கட்டிதட்டும்,
அப்பளம் நமத்துப்போகும் நம் காற்றுதான்
அதன் ஏடுகளை
ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவிடுகிறது.
உங்கள் படகைத் துருவாய்த் தின்ற
அதே காற்று.
கிரீஸ் அதை வெளியே நிறுத்திவிட்டு
மணலை உள்ளே கூப்பிட்டது.

"காத்து நமக்கு வேல செய்யுமா?"
சிரித்தார், முதல்முறையாக.
ஆரல்வாய்மொழிப் பக்கம் போனதே இல்லையா
என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை. அது வேறு வேலை.

பழைய பூச்சை உரித்தேன். பாதிக் கூலி பேசினோம்.
மறுபடி குளியலில் இறக்கும்முன்
அவரிடம் சொல்லாமல் ஒன்று செய்தேன்.
பேரிங்குக்கு வெளியே நீளும் முனையில்
நான்கு விரல் அகலத்தை மறைத்து
பூச்சு ஏறாமல் விட்டேன்.
எல்லாம் முடிந்தபின் அங்கே
மஞ்சள் பெயின்ட்டில் எழுதினேன்:
இங்கே போடலாம்.

வீடு சேர ஒன்பதரை.
எத்தனை சோப்புக்கும் போகாத சாம்பல்
விரல் ரேகைகளில்.
உப்பு ஏறி இறுகிப்போய்
தினமும் என்னோடு மல்லுக்கு நிற்கும் பூட்டு
இன்று சாவியைப் போட்டதும்
திரும்பிவிட்டது.
வழக்கம்போல் முட்டுக்கொடுத்த தோள்
கதவோடு சேர்ந்து
உள்ளே விழப்பார்த்தது.