மூச்சுத்துளை

நூற்றுப் பதினெட்டாவது படத்திலும்
சிறகு குறுக்கே விழுந்திருக்கிறது.

கிண்ணியாவிலிருந்து ஜெஸீமா அனுப்பியவை.
காயப்போட்ட சாளையின் மேல் பச்சை ஈ,
பின்னால் குவியம் தவறிய நீலத்தில்
பாலமும் பாதி லொறியும்.
கைபேசியில் கவ்விய வில்லையில் உப்புப் படிந்து
ஒவ்வோர் ஈயைச் சுற்றியும் ஒரு மங்கல் வளையம்,
சாமிப் படங்களில் இருப்பதுபோல.

இரண்டு வகை அங்கே பறக்கின்றன.
இரண்டுக்கும் அதே செப்புப் பச்சை,
அதே செங்கண்,
வயிற்றில் அதே கருங்கோடுகள்.
தோளுக்குக் கீழே கடுகில் பாதிகூட வராத
மூச்சுத்துளை ஒன்று:
வெளுத்திருந்தால் ஒரு பெயர்,
கறுத்திருந்தால் வேறு பெயர்.
மீதி நிறமெல்லாம் வெயில் பூசுவது.

குரற்பதிவு அனுப்பினேன்.
முதுகு வேண்டாம், விலாப்பக்கம் எடுங்கள்.
விடியற்காலை, அதன் உடம்பு சூடேற முன்.
காகங்களுக்கு நடுவே பதில் வந்தது:
"மிஸ், அது என்ன கலியாண வீட்டுப் படத்துக்கா நிக்கிது,
கொஞ்சம் சரிஞ்சு நில்லு எண்டு சொல்ல?
முட்டை போட்டா ரெண்டும் எனக்கு ஒண்டுதான்."

ஒன்றில்லை என்று எழுதினேன்.
ஒன்றின் புழு மற்றதன் புழுவைத் தின்னும் என்று எழுதினேன்.
அதனால் அவளுடைய சாளைக்கு என்ன என்று யோசித்து
இரண்டையும் அழித்தேன்.

உட்துறைமுக வீதியில் என் மேசை.
யன்னலுக்குக் கீழே மானொன்று
லொத்தர் சீட்டை மென்றுகொண்டு நிற்கிறது.
படிவத்தில் கட்டங்கள்.
வருணம் நிரப்பினேன். குடும்பம் நிரப்பினேன்.
சாதி, அதுவும் தெரியும்.
இனம் என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.

பத்தாம் வகுப்பில் இந்தச் சொற்களைப் பாடமாக்கியபோது
பின்வாங்கில் சிரித்தோம்.
அடுத்த வருடம் சந்தியில் பஸ்ஸை மறித்து இறக்கி
என் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவன்
எந்தத் துளையைத் தேடினான் என்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
அவனுக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது.
பெருக்கிப் பார்க்கக்கூட இல்லை.

நூற்றுப் பத்தொன்பது.
அவள் விரலில் ஈ, மீன் கழுவிய ஈரத்தில்.
சிறகு விரிந்திருக்கிறது, வெளிச்சம் சரி,
விலாவின் ஒவ்வொரு மயிரும் தெரிகிறது.
துளை இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு மீன் செதிள்.

தனியே இருந்து சிரித்தேன். மான் நிமிர்ந்து பார்த்தது.
'இப்படத்திலிருந்து தீர்மானிக்க இயலாது' என்று எழுதி
திகதி போட்டேன்.

பின்னேர பஸ்ஸில் நடத்துநர் கையில் ஒரு பொதி.
பேப்பரில் சுற்றிய சாளைக் கருவாடு, அரைக் கிலோ இருக்கும்.
அதற்குள் ரப்பர் வளையம் போட்ட தீப்பெட்டி.
மேலே நீல மையில்: "நீங்களே சரிச்சுப் பாருங்க."

பஸ் போகும்வரை நின்றேன்.
பிறகு பெட்டியைக் காதில் வைத்தேன்.
உள்ளே ஏதோ
சுவரிலிருந்து சுவருக்கு
இன்னும் நடந்துகொண்டிருந்தது.