சூடா வருதா

செவ்வாய்க்கிழமை காலையில்
குழாயில் வெந்நீர் வந்தது.
ரேடியேட்டர்கள் மட்டும் செத்துக் கிடந்தன.
கூடத்தில் பதினொரு டிகிரி.
சண்டர்லேண்டின் கடற்காற்றுக்கு
எல்லாக் கதவிடுக்கும் மனப்பாடம்.

வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை நட்டு
ஐந்து வாரம்.
அதற்கு முன்பே பேச்சு நின்றிருந்தது
எனக்கும் இளம்பரிதிக்கும்.
பெரிய விஷயங்களை வக்கீல் கடிதத்தில் பேசினோம்,
சிறியவற்றை ஃபிரிட்ஜ் கதவில், மஞ்சள் தாளில்:
பால் தீர்ந்தது.
நாளைக்கு நீலக் குப்பைத்தொட்டி.
அன்றைக்கு அவன் எழுதியிருந்தது:
பாய்லர் போச்சு. ஆள் வருவார். செலவு பாதிப்பாதி.

வந்தவர் பெயர் டெரக்.
முழங்காலில் ரப்பர் பட்டை, காதில் பென்சில்.
என்னைக் கண்ணே என்றார், அவனை மகனே என்றார்.
இந்த ஊரில் அதெல்லாம் காற்புள்ளி மாதிரி.
மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து,
ஒரு பித்தளை வால்வைத் தட்டிக் காட்டினார்:
"உள்ளே இருப்பது ஒரே நெருப்பு.
குழாய்க்கா, ரேடியேட்டருக்கா என்று
திருப்பிவிடுவது இவன் வேலை.
குழாய்ப் பக்கமே பார்த்தபடி இறுகிவிட்டான்.
புதுசு வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும்."

எவ்வளவு ஆகும் என்று
இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

வீட்டில் ஒரே ஒரு எண்ணெய் ஹீட்டர்.
முதல் இரவு, கேட்காமல்,
என் அறைக்குள் இழுத்துக்கொண்டேன்.
இரண்டாம் இரவு, நியாயம் என்று ஒன்று இருக்கிறதே,
அவன் கதவருகே உருட்டிவிட்டு வந்தேன்.
மூன்றாம் இரவு எக்ஸ்ரே அறையில் எனக்கு லேட் ஷிஃப்ட்.
மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள் என்று
முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிவிட்டு
பதினொன்றரைக்குத் திரும்பினால்
என் அறை வாசலில் ஹீட்டர்.
ஒயரை எட்டுப் போட்டுச் சுற்றியிருந்தான்.
தொட்டேன். இன்னும் இளஞ்சூடு.
அதைப் பற்றி நான் எதுவும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டெரக்
பழைய வால்வை என் உள்ளங்கையில் வைத்தார்.
சுண்ணாம்பும் கறுப்புச் சேறும்.
ஒருவர் மாடிக்குப் போய்
வெந்நீர்க் குழாயைத் திறக்கட்டும் என்றார்.
இளம்பரிதி போனான்.
நான் படிக்கட்டின் அடியில் நின்று கத்தினேன்:

"சூடா வருதா?"
"இன்னும் இல்ல."
"இப்போ?"
"இரு."
"வருதா இல்லையா?"
"வருது வருது! கை சுடுது!"
"மூடு."
"என்ன?"
"மூடுன்னேன்!"

சண்டையா என்று கேட்டார் டெரக்.
இல்லை, தமிழ் என்றேன்.

பிறகு ரேடியேட்டர்களில் காற்றுப் பிடுங்கும் வேலை.
அதை நீங்களே செய்துகொள்ளலாம் என்று
குட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு
அவர் சிங்கில் கை கழுவப் போனார்.
அவன் சாவியைத் திருக,
நான் அடியில் காபிக் கோப்பையைப் பிடித்தேன்.
எத்தனை நாள் அடைந்து கிடந்த காற்றோ,
சீறிக்கொண்டே இருந்தது.
கறுப்பாய் முதல் சொட்டு விழுந்ததும்
போதும் என்றேன்.
ஏழு ரேடியேட்டர்.
ஏழு தடவை போதும் என்றேன்.

முந்நூற்று எண்பத்தாறு பவுண்ட்.
அவன் அட்டையில் பாதி, என் அட்டையில் பாதி.
மெஷின் இரண்டு முறை கீச்சிட்டது.
இருட்டுவதற்குள் வீடு பத்தொன்பது டிகிரிக்கு வந்துவிட்டது.
ஹீட்டரை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு
அவரவர் கதவை அவரவர் சாத்திக்கொண்டோம்.

ஞாயிறன்று வீடு பார்க்க வந்த ஜோடியில்
அந்தப் பெண் ரேடியேட்டர் மேல் கை வைத்தாள்.
பாய்லர் எப்படி என்றாள்.
வால்வு புதுசு என்றேன்.
பழையது என் மேஜை டிராயரில் இருப்பதைச் சொல்லவில்லை.

இரவில் அவன் குளிக்கப் போனால்
நெருப்பு அந்தப் பக்கம் திரும்புகிறது.
என் அறை ரேடியேட்டர் மெல்ல ஆறுகிறது.
குழாயை மூடுகிறான்.
சுவருக்குள் எங்கோ ஒரு 'டிக்'.
போர்வைக்கு வெளியே ஒரு கையை நீட்டி
இரும்பின் மேல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.
இன்னும் இல்ல.
இரு.